கழற்றிவைக்க ஓர் இடம்: மார்பு பைண்டரும் உடல்நலமும்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது மருந்துக்கடைக்குப் போய், கால் சுளுக்கு என்று சொல்லி ஆறு அங்குல கிரேப் பேண்டேஜ் இரண்டு சுருள் வாங்கினேன். சுளுக்கு எதுவும் இல்லை. விடுதிக் குளியலறையில் நின்று இரண்டையும் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். மேலே பனியன், அதன்மேல் சட்டை. சட்டை நேராக விழுந்தது. கூன் போடாமல் வகுப்புக்கு நடந்த முதல் நாள் அதுதான்.

நான்காம் மாதம் இடது விலாவில் ஒரு குத்தல் தொடங்கியது. தும்மினால் கண்ணில் நீர் முட்டும். மருத்துவரிடம் போனேன். எங்கே வலிக்கிறது என்று காட்டினேன். ஏன் வலிக்கிறது என்று சொல்லவில்லை. வாயுத் தொல்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு மறுநாளும் கட்டினேன்.

திருநம்பிகள் நான்கு பேர் கூடுகிற இடத்தில் இந்தக் கதையின் ஏதாவது ஒரு வடிவத்தைக் கேட்காமல் இருக்க முடியாது. பேண்டேஜுக்குப் பதில் துப்பட்டாவாகவோ பெட்டி ஒட்டும் டேப்பாகவோ இருக்கும். மார்பைக் கட்டுவது உடலை என்ன செய்கிறது, ஆய்வுகள் என்ன சொல்கின்றன, சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது, எவ்வளவு நேரம் போடலாம் என்பவற்றை ஒரே இடத்தில் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பார்த்து முடித்தபின் எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்று உண்டு. துணியின் இறுக்கம் ஒரு பங்கு கெடுதல் செய்தால், அதைச் சுற்றியுள்ள ஒளிவுமறைவு அதைவிடப் பெரிய பங்கு கெடுதல் செய்கிறது.

துணியின் வரலாறு

மார்பைத் தட்டையாகக் காட்டும் இறுக்கமான உள்ளாடைதான் பைண்டர். மார்பைக் கட்டும் துணிக்குப் பழந்தமிழில் கச்சு, வார் என்ற சொற்கள் உண்டு. ஆனால் இன்று அணிகிறவர்கள் பைண்டர் என்றே சொல்கிறோம். பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளே இதை அதிகம் அணிகிறார்கள். ஆண், பெண் இரண்டிலும் தம்மை அடக்காதவர்களும், மார்பகத் திசு பெருத்த ஆண்களும், ஆண் வேடம் ஏற்கும் நடிகைகளும் அணிவதுண்டு.

மார்பை அமுக்கும் வழக்கம் புதிதல்ல. ஜப்பானில் சராஷி என்னும் நீளமான பருத்தித் துணியை உடம்பில் சுற்றிக்கட்டும் மரபு இருக்கிறது. 1920களில் ஒடிசலான உருவமே நாகரிகம் என்றானபோது, இங்கிலாந்தின் சைமிங்டன் நிறுவனம் இரு பக்கமும் கயிறு இழுத்து மார்பை அமுக்கும் உள்ளாடையைச் செய்து விற்றது. அதே காலத்தில் சீனப் பெண்கள் இறுக்கமான சிறு உள்சட்டையால் மார்பைக் கட்டிவந்தார்கள். அது உடல்நலத்துக்குக் கேடு என்று 1927இல் குவாங்டாங் மாகாண அரசு தடையே விதித்தது. அந்தக் கட்டு ஊரார் கண்ணுக்காகப் பெண் சுமந்தது. இன்றைய பைண்டர், அணிகிறவர் தம் உடம்பில் தாமே குடியிருக்க வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுப்பது. நோக்கம் வேறு என்றாலும் விலா எலும்பு ஒன்றுதான். எனவே அன்றைய எச்சரிக்கையை இன்றும் காதில் வாங்கத்தான் வேண்டும்.

முன்பு பைண்டர் தேடியவர்கள், மார்பு பெருத்த ஆண்களுக்கென்று தைத்த அமுக்கு பனியன்களை வாங்கிப் போட்டார்கள். 2015இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஜிசி2பி போல, திருநர்களே தங்கள் உடலமைப்பை மனத்தில் வைத்து வடிவமைக்கும் நிறுவனங்கள் பிறகு வந்தன.

விலாக்கூட்டுக்குள் நடப்பது

நம் நெஞ்சைச் சுற்றிப் பன்னிரண்டு இணை விலா எலும்புகள் இருக்கின்றன. பெரும்பாலானவை முன்பக்கம் குருத்தெலும்பு வழியாக மார்பெலும்போடு சேர்கின்றன. மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் கீழே இறங்குகிறது. விலாக்கள், வாளியின் கைப்பிடியைத் தூக்கினால் எழுவதுபோல, பக்கவாட்டில் எழுந்து விரிகின்றன. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்தில் 7,200 முறை அந்தக் கூடு துணியைத் தள்ளிக்கொண்டு விரிந்தாக வேண்டும். துணி இடம் கொடுத்தால் தொல்லை குறைவு. இடம் கொடுக்காவிட்டால் மூச்சு மேலோட்டமாகிறது, விலாக்களுக்கு இடையிலுள்ள தசைகள் களைத்துப்போகின்றன, குருத்தெலும்பு சேரும் இடம் வீங்கி வலிக்கிறது. என் இடது விலாவில் குத்தியது பெரும்பாலும் அந்த இடம்தான்.

மருத்துவ உலகமே இதை ஒரு காலத்தில் பட்டு அறிந்திருக்கிறது. விலா முறிந்தவர்களுக்கு நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டுப்போடுவது முன்பு வழக்கமாக இருந்தது. கட்டினால் வலி குறைந்தது. ஆனால் நோயாளியால் ஆழ்ந்து மூச்சிழுக்கவும் இருமவும் முடியாமல் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கி, நிமோனியா வந்தது. அதனால் அந்தக் கட்டைக் கைவிட்டுவிட்டார்கள். முறிந்த விலாவுக்கே கட்டு வேண்டாம் என்கிறபோது, நல்ல விலாவை கிரேப் பேண்டேஜால் கட்டலாமா?

கிரேப் பேண்டேஜ் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் செய்யப்பட்டது. ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று வரும்போது அழுத்தமும் அடுக்கடுக்காகக் கூடும். நாம் நடந்து, குனிந்து, நிமிரும்போது அது நழுவிச் சுருண்டு, கயிறுபோலாகி ஒரே கோட்டில் வெட்டும். நல்ல பைண்டரில் முன்பக்கம் நீளாத துணி, பின்பக்கம் நீளும் துணி. முன்துணி மார்பைப் பரவலாக அமுக்குகிறது. பின்துணி மூச்சுக்கு இடம் கொடுக்கிறது. பாதுகாப்பு என்பது முதலில் இந்தத் தையல் வேறுபாட்டில் இருக்கிறது.

ஆய்வுகள் சொல்வது

இத்துறையில் எல்லாரும் முதலில் எடுத்துப் பார்க்கும் ஆய்வு, சாரா பைட்ஸ்மையரும் குழுவினரும் 2017இல் வெளியிட்டது. மார்பைக் கட்டும் பழக்கமுள்ள 1,800 பேரிடம் 28 வகைத் தொல்லைகளைப் பற்றி அவர்கள் கேட்டார்கள். ஏதாவது ஒன்றாவது தமக்கு உண்டு என்றவர்கள் 97.2 விழுக்காடு. முதுகுவலி 53.8, உடல் சூடாதல் 53.5, நெஞ்சுவலி 48.8, மூச்சுவாங்கல் 46.6 விழுக்காடு. தாமே முன்வந்து கேள்விக்கு விடை தந்தவர்களின் கணக்கு இது என்பதை நினைவில் வைத்தே படிக்க வேண்டும். என்றாலும் 'எனக்கு மட்டும்தான் வலிக்கிறது' என்று நினைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கும் ஒருவருக்கு இந்த எண்கள் பெரிய துணை.

அதே ஆய்வின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. கட்டத் தொடங்கியபின் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, தன்மதிப்பு கூடியது என்று பங்கேற்றவர்கள் சொன்னார்கள். வலி தெரிந்தே ஆயிரக்கணக்கானவர்கள் ஏன் தொடர்கிறார்கள் என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. 'கட்டாதே' என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் அறிவுரை அந்த நிம்மதியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதனால் கேட்பவர் கட்டுவதை விடுவதில்லை. கட்டுவதைச் சொல்வதைத்தான் விட்டுவிடுகிறார்.

அந்த ஆய்வில் இரண்டு செய்திகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, வாரத்தில் எத்தனை நாள் கட்டுகிறோம் என்பதே தொல்லைகளோடு மிகத் தொடர்ச்சியாக ஒட்டிவந்த காரணி. எனவே வாரத்தில் ஓரிரு நாள் உடம்புக்கு முழு விடுமுறை தருவது, அன்றாடம் அரை மணி குறைப்பதைவிடப் பலன் தரக்கூடும். இன்னொன்று, கடையில் வாங்கும் பைண்டர்களும் தொல்லைகளோடு வலுவாகவே தொடர்புபட்டிருந்தன, 28இல் 20. நல்ல கடைப் பைண்டர் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. அளவு தவறினாலும், நாள் முழுக்கக் கழற்றாவிட்டாலும் நல்ல துணியும் கெடுதல் செய்யும்.

2018இல் வெளியான இன்னோர் ஆய்வு, கட்டுவதால் வந்த தொல்லைக்காக மருத்துவ உதவி தேடியவர்கள் 14.8 விழுக்காட்டினர் மட்டுமே என்றது. மருத்துவரிடம் இதைப் பேசுவது முக்கியம் என்று நினைத்தவர்களோ 82.3 விழுக்காடு. பேச வேண்டும் என்ற எண்ணத்துக்கும் பேசிய வாய்க்கும் நடுவே எவ்வளவு தூரம்! அந்தத் தூரத்தில்தான் நானும் வாயு மாத்திரையோடு நின்றிருந்தேன்.

அளவெடுப்பது

எனக்கு முதல்முறை ஒழுங்காக அளவெடுத்தவர் எங்கள் வட்டத்தின் மூத்த திருநம்பி. அண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். தையல்காரரின் இஞ்ச் டேப்பைக் கையில் கொடுத்து, கதவுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு சொல்லிக்கொண்டே வந்தார்.

"டேப்ப இழுத்துப் பிடிக்காத தம்பி. மூச்ச அடக்காத. சும்மா நில்லு, எப்பவும் போல விடு."

நான் மூச்சை அடக்கி, டேப்பை இறுக்கித்தான் பிடித்திருந்தேன். குறைவான எண் வந்தால் நல்லது என்று ஒரு நினைப்பு. அது எப்படி அவருக்குத் தெரிந்தது என்று கேட்டதற்கு, "எல்லாரும் அதத்தான் செய்வோம்" என்றார். மறுபடி அளந்தபோது மூன்று அங்குலம் கூடியிருந்தது. அந்த மூன்று அங்குலம்தான் என் விலா நாலு மாதம் கேட்டுக்கொண்டிருந்த இடம்.

முறை இதுதான். உள்ளாடை இல்லாமல், அல்லது மெல்லிய பனியனோடு, கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்க வேண்டும். மார்பு மிக எடுப்பாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்றளவு. மார்புக்குக் கீழே, விலாவை ஒட்டி இன்னொன்று. ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனைவரை தோள் அகலம். டேப் முதுகுப் பக்கம் தொய்யாமல் தரைக்கு நேராக இருக்க வேண்டும். வாங்கப்போகும் நிறுவனத்தின் அட்டவணையோடு இந்த எண்களை ஒப்பிட வேண்டும். நீங்கள் போடும் சட்டையின் எம், எல் என்ற அளவுக்கும் பைண்டரின் அளவுக்கும் தொடர்பில்லை. ஒரு நிறுவனத்தின் அளவு இன்னொன்றுக்குப் பொருந்தாது. இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் பெரியதையே வாங்குங்கள். ஓர் அளவு சிறியதை வாங்கினால் இன்னும் தட்டையாகும் என்பது வீண் ஆசை. எல்லை தாண்டி இறுக்கினால் திசு மேலேயோ அக்குள் பக்கமோ பிதுங்கும், தட்டையாகாது.

போட்டுப் பார்க்கும்போது ஐந்து சோதனைகள். ஆழ்ந்து ஒரு மூச்சு. தடையில்லாமல் நிரம்ப வேண்டும். ஓர் இருமல். வலிக்கக் கூடாது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்குவது. அக்குள் அறுக்கக் கூடாது. உட்கார்ந்து குனிந்து செருப்பு மாட்டுவது. அடிவிளிம்பு சுருண்டு ஏறக் கூடாது. கடைசியாக, விளிம்புக்குள் இரண்டு விரல் நுழைவது. கை மரத்தால், விரல் ஜிவ்வென்றால், தோள்பட்டி நரம்பை அழுத்துகிறது என்று பொருள். அந்தத் துணி உங்களுக்கானதல்ல.

திசுவை முன்பக்கம் குவியவிடாமல், கையால் மெதுவாகப் பக்கவாட்டில் ஒதுக்கி அமர்த்தினால் அமுக்கம் சீராகப் பரவும். இடுப்புவரை நீளும் பைண்டர் வயிற்றையும் சேர்த்துச் சமன் செய்யும், ஆனால் சூடு அதிகம். சிலருக்கு உட்காரும்போது சுருண்டு ஏறும். விலாவோடு நிற்கும் அரைப் பைண்டர் நம் வெயிலுக்கு ஏற்றது. தலைவழி மாட்டிக் கழற்றத் தோள் வளையாதவர்கள் பக்கவாட்டில் ஜிப் அல்லது கொக்கி வைத்ததைப் பார்க்கலாம்.

நேரமும் வெயிலும்

முதல் நாள் வீட்டிலேயே அரை மணி, ஒரு மணி நேரம் போதும். ஒரு வாரத்தில் மெல்ல மெல்லக் கூட்டலாம். பழகியபின்னும் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பதே மருத்துவர்களும் அனுபவசாலிகளும் பொதுவாகச் சொல்லும் உச்சம். அது கட்டாயம் எட்ட வேண்டிய அளவல்ல. ஆறாம் மணியில் வலித்தால் அன்றைக்கு ஆறுதான் எல்லை. பைண்டரோடு தூங்கக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போடக் கூடாது. ஓடுவது, எடை தூக்குவது, கபடி, கிரிக்கெட் எதற்கும் பைண்டர் வேண்டாம்; விளையாட்டு உள்ளாடையும் தளர்ந்த பனியனும் போதும். கழற்றியதும் ஆழ்ந்து பத்து மூச்சு இழுத்து, நன்றாக ஒருமுறை இருமி, தோளையும் முதுகையும் நீட்டி மடக்குங்கள். நாள் முழுக்க ஒடுங்கியிருந்த நுரையீரலின் அடிப்பகுதி அப்போது திறக்கும்.

பெரும்பாலான கையேடுகள் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. சென்னையில் மே மாதம் பேருந்தில் நின்றுகொண்டு போகிறவருக்கு அவை போதாது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை உலர்வதில்லை. பைண்டருக்கும் தோலுக்கும் நடுவே தேங்கிய வியர்வையால் வேர்க்குருவும், மார்புக்குக் கீழே தோல் மடிப்பில் படர்தாமரையும் வரும். வெக்கையில் மயக்கமும் வரலாம். எனவே உள்ளே மெல்லிய பருத்தி பனியன் ஒன்று, கையில் தண்ணீர், மதியம் ஒருமுறை கழற்றித் துடைத்துக்கொள்ள வசதி, இவை மூன்றும் இங்கே ஆடம்பரமல்ல. சிவந்து அரித்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். கடையில் நாமாக வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு படர்தாமரையை வளர்க்கும்.

இயன்றால் இரண்டு பைண்டர் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணியலாம். குளிர்ந்த நீரில் கையால் கசக்கி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலும் இஸ்திரிப் பெட்டியும் நீளும் துணியைக் கெடுத்துவிடும். ஈரம் காயாத பைண்டரைப் போடுவது பூஞ்சைக்கு வெற்றிலை பாக்கு வைப்பது மாதிரி.

டேப்பும் மற்ற வழிகளும்

விளையாட்டு வீரர்கள் தசையில் ஒட்டும் கைனிசியாலஜி டேப் இப்போது பரவிவருகிறது. திசுவைப் பக்கவாட்டில் இழுத்து ஒட்டுவதால் விலாவுக்கு அமுக்கம் இல்லை. ஆனால் அதைச் சுற்றி வளைத்து ஒட்டவே கூடாது. முதுகில் இரு முனைகளும் சேரக் கூடாது. முதலில் சிறு துண்டை ஒட்டி ஒரு நாள் பார்த்துத் தோல் ஏற்கிறதா என்று அறிய வேண்டும். முலைக்காம்பை மூடிப் பஞ்சு வைத்தபின்பே மேலே ஒட்ட வேண்டும். எடுக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து மெதுவாக உரிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். பெட்டி ஒட்டும் டேப், பிளாஸ்டிக் தாள், பெல்ட் எதுவும் உடம்பில் ஏறவே வேண்டாம்.

சிலருக்கு எதுவுமே கட்டாமலும் ஒப்பேறும். இறுக்கமான விளையாட்டு உள்ளாடை, அடர்ந்த நிறத்தில் கனமான துணி, கட்டம் போட்ட சட்டை, மேலே திறந்துவிட்ட இன்னொரு சட்டை. அவசியமான நாளுக்குப் பைண்டர், மற்ற நாளுக்கு இவை என்று பிரித்துக்கொண்டால் விடுமுறை நாள் தானே கிடைத்துவிடும்.

ஆஸ்துமா, காசநோய், நெஞ்சுச்சளி, முதுகெலும்பு வளைவு, அடிக்கடி நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். வளர்ந்துகொண்டிருக்கும் பதின்வயது எலும்புக்கு நேரம் இன்னும் குறைவாகவே இருக்க வேண்டும். மூச்சிழுக்கும்போது குத்தும் வலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல், கை மரத்தல் இவற்றில் எது வந்தாலும் உடனே கழற்றுங்கள். கழற்றியும் நெஞ்சுவலி நீங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். அது பைண்டரால்தான் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். மார்பகத் திசு இருக்கும்வரை அதில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு. அந்த உறுப்பைப் பார்க்கப் பிடிக்காதவர்களுக்கு இது கடினம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

கழற்ற முடியாதவர்கள்

எட்டு மணி நேரம் என்பது எழுத எளிது. காலை ஏழு மணிக்குக் கிளம்பி, இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போய், இரவு எட்டுக்குத் திரும்பும் ஒருவருக்கு அதுவே பதின்மூன்று மணி நேரம். வீட்டில் அவருக்குத் தனி அறை இல்லை. கூடத்தில் தம்பி தங்கையோடு படுக்கிறார். பைண்டரைக் கழற்றினால் எங்கே வைப்பது, யார் கண்ணில் படும் என்ற பயத்தில் அதோடே தூங்கிவிடுகிறார். அலுவலகத்தில் ஆண்கள் கழிப்பறையிலும் பெண்கள் கழிப்பறையிலும் அவருக்கு நிம்மதியாக ஐந்து நிமிடம் கிடையாது. இவரிடம் போய் எட்டு மணி நேர விதியைச் சொன்னால் அது எந்த ஊர் நியாயம்?

சட்டத்தின் பக்கம் பார்த்தால், தமிழ்நாடு 2008இலேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் கண்ட மாநிலம். 2014இல் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் திருநர்கள் தம் பாலினத்தைத் தாமே அறிவிக்கும் உரிமையை ஏற்றது. 2021இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் தந்த ஆணைகளின் தொடர்ச்சியாக, பால்புதுமையினரைக் குறிக்க மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. திருநம்பி என்ற சொல் இன்று அரசாங்கத் தாளில் இருக்கிறது. அந்தச் சொல் மருத்துவரின் அறைக்குள்ளும், விடுதிக் காப்பாளரின் மேசைக்கும், வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர வேண்டும். நெஞ்சுவலி என்று வருகிறவரிடம் 'இறுக்கமாக ஏதாவது உள்ளே போடுவீங்களா?' என்று முகம் சுளிக்காமல் கேட்க ஒரு மருத்துவர் பழகினால், அந்த ஒரு கேள்வி பல மாத வலியை மிச்சப்படுத்தும். தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையை நாள்தோறும் அரை மணி நேரம் விட்டுக்கொடுக்கும் குடும்பம், ஒரு விலா எலும்பைக் காப்பாற்றுகிறது.

பல வருஷம் நான் பைண்டரை ஈரத் துண்டுக்கு அடியில் ஒளித்துத்தான் காயப்போட்டேன். அது காய்ந்ததே இல்லை. மார்புக்கடியில் படர்தாமரையும் ஆறினதில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் மாடிக் கொடியில் துண்டு மட்டும் கிடந்தது. பைண்டரைக் காணவில்லை. நெஞ்சு படபடக்கக் கீழே ஓடிவந்தேன். பின்கட்டில் கூரை நிழலில், காற்று வரும் ஜன்னலுக்கு எதிரே, இரண்டு கிளிப் போட்டு அது தொங்கிக்கொண்டிருந்தது. முழுக்கக் காய்ந்திருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "வெயில்ல போட்டா எலாஸ்டிக் விட்டுடும்டா. இனிமே இங்கயே போடு."